பகிர்தல் சங்கத்தின் செங்கோல்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதற்கப்புறம் நெடுங்காலம் சும்மா இருந்தது. பிறகு கோலார் தங்கவயலில் "பகிர்தல்" கண்டுபிடிக்கப்பட்டது. இடம், ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ராஜமாணிக்கத்தின் ஹார்டுவேர் கடைக்குப் பின்னாலிருக்கும் கிடங்கு. நேரம், ஞாயிறு ஆராதனை முடிந்து, பிரியாணியும் முடிந்து, தூக்கம் மட்டும் பாக்கியிருந்த ஒரு பிற்பகல். அந்தப் புனிதத் தூக்கத்தைத் தியாகம் செய்துதான் நான்கு பேர் அங்கே கூடினார்கள். வரலாறு இப்படிப்பட்டவர்களால்தான் நகர்கிறது.

இந்த மகத்தான கண்டுபிடிப்புக்குக் காரணமாக அமைந்தவள் வினோலியா. அவளிடம் ஒரு பொருள் இருந்தது. பகிர வேண்டுமென்றால் முதலில் யாரிடமாவது ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்பது இந்தத் துறையின் முதல் விதி. அது பகிர்பவர்களிடம் இருக்க வேண்டியதில்லை என்பது இரண்டாவது விதி.

வினோலியா விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய், ஒரு பல் மருத்துவமனையில் பில் போட்டுவிட்டு, இருட்டிய பிறகு திரும்புகிறவள். வீடு சாம்பியன் ரீஃப் பகுதியில். வீட்டின் முன்னறையில் கணவன் ஜெயகரன் மிக்ஸியும் கிரைண்டரும் பழுதுபார்க்கிறான். மகள் ரோஜாவுக்கு இரண்டரை வயது. ரோஜாவின் இடது கையும் இடது காலும் பிறந்ததிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கத் தாமதம் செய்து வந்தன. உட்கார்ந்தபடியே வீடு முழுக்க நகர்ந்து போவாள். ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒளித்துவைப்பாள். நிற்கமட்டும் மாட்டாள்.

கோலாரில் பிசியோதெரபி பார்க்கும் டாக்டரம்மா, தமிழும் கன்னடமும் கலந்து, பொறுமையாகச் சொன்னார். "ஒரு தள்ளுவண்டி செய்யுங்க. கடையில விக்கிற பிளாஸ்டிக் பேடா, வேண்டாம், சர்ருன்னு ஓடிடும். மரத்துல, கனமா இருக்கணும். அதுல கைப்பிடிதான் முக்கியம். இடது கை பிடிக்கிற இடத்துல உருண்டையா குமிழ் வேணும். மெல்லிசா இருந்தா நழுவும், தடியா இருந்தா விரல் சுத்தாது. கொஞ்சம் கடையணும், குழந்தை கையில குடுத்துப் பார்க்கணும், மறுபடி கடையணும். அப்படித்தான் அளவு வரும்." பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "கிறிஸ்துமஸ் ஆனதும் வாங்க. அதுக்குள்ள நின்னு தள்ளலைன்னா பின்னங்கால் சதை இறுகிடும். மாவுக்கட்டு போட்டுத்தான் நேராக்கணும். குழந்தை ரொம்ப அழும்" என்றார். அப்போது ஜூன் மாதம்.

பங்காருபேட்டையில் வினோலியா விசாரித்த தச்சர் பிளைவுட்டைத் தவிர வேறு மரத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியாத நிலையை அடைந்திருந்தார். கோலாரில் கட்டில் கால் கடைகிறவர் ஒருவர் இருந்தார். குழந்தையின் கைக்குக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்துக் கடைய வேண்டும் என்றதும், "அப்போ கொழந்தையை இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

ஆகவே வினோலியா தானே கற்றுக்கொண்டாள். காலை ரயிலில் ஜன்னலோரம் நின்று கைபேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றாள். எந்த நாடோ, வெளியே பனி கொட்டும். உள்ளே ஒரு கொட்டகையில் தாடிக்காரர்கள் நாலைந்து பேர் நின்று மரம் கடைவார்கள். ஒருவர் தான் செய்த உளியை இன்னொருவருக்குக் கொடுப்பார். வாங்கியவர் கடைந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். அவர்கள் பேசுவது ஒரு சொல்லும் அவளுக்குப் புரியாது. ஆனால் ரயில் சத்தத்துக்கு நடுவே, மாலூர் தாண்டும்போது, அந்தக் கொட்டகையில் தனக்கும் ஒரு ஸ்டூல் போட்டிருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

யாரோ பழுதுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத கிரைண்டரின் மோட்டாரை ஜெயகரன் தந்தான். இரும்புச் சட்டம் பழைய கட்டிலிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்து மரம் கடையும் இயந்திரமாயின. தேய்ந்துபோன அரத்தைத் தீட்டி ஓர் உளி செய்தாள். லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து இன்னோர் உளி. அந்த உளிகளுக்கு வேண்டிய பிடிகளை அதே இயந்திரத்தில் கடைந்தாள். பிறகு ஒரு பூரிக்கட்டை. அது சற்றே வாழைப்பழ வடிவத்தில் வந்தாலும், ஜெயகரன் அதில்தான் பூரி தேய்த்தான். பூரிகளும் அந்த வடிவத்தை மதித்தன.

ஜெயகரன் வண்டியைச் செய்து முடித்தான். அடியில் செங்கல் வைக்க இடம் விட்டான். மிச்சமிருந்தது ஒன்றரை அடி நீளக் கைப்பிடி மட்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. இரண்டு முனையும் ஒழுங்காக நின்றாலும், நீளக் கட்டை என்பதால் நடுவில் அதிர்ந்து, கயிறு சுற்றியதுபோல் தழும்பு விழுந்தது. வினோலியா அதைப் படம்பிடித்து, ரயில் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். "நீளமான கட்டையைக் கடையும்போது நடுவில் அதிர்கிறது. என்ன செய்யலாம்? யாருக்காவது தெரியுமா?"

அறிவுலகம் அன்று முழுக்கத் தூங்கவில்லை. கைகூப்பிய படங்கள் வந்தன. ரோஜாப்பூக்கள் வந்தன. "தங்கவயலின் பெண்சிங்கம்" என்று ஒருவர் எழுதினார். மோட்டார் விலைக்கு வருமா என்று ஒருவர் கேட்டார். மறுநாளுக்கான காலை வணக்கத்தை முன்கூட்டியே ஒருவர் அனுப்பினார். கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆனால் கேள்வியைவிடப் பெரிதான ஒன்று வந்தது. எட்மண்டிடமிருந்து ஒரு குரல் பதிவு.

எட்மண்ட் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. சபையில் வேதம் வாசிப்பவர். அவருடைய அப்பா சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். எட்மண்ட் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரே ஒரு தடவை கேஜ் என்னும் சுரங்க லிஃப்டில் ஏறி பூமிக்கடியில் போய்வந்தார். அந்த அரைமணி நேர அனுபவத்தை அன்றிலிருந்து இன்றுவரை சிக்கனமாகச் செலவழித்து வருகிறார். இன்னும் தீரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கிடங்கில் கூடிய கையோடு, மற்ற மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு அவர் வினோலியாவின் வீட்டுக்கே வந்தார். வங்கியில் வேலைபார்க்கும் ஏசுபாதம், ஹார்டுவேர் ராஜமாணிக்கம், "கண்டென்ட் கிரியேட்டர்" என்று தன் பெயருக்குக் கீழே எழுதிவைத்திருக்கும் எலைன். இயந்திரத்தைச் சுற்றிவந்து பார்த்தார்கள்.

"வினோலியா சிஸ்டர், இத்த உங்க மெஷின்னு நெனச்சுகினு கீறீங்க. அதான் தப்பு" என்றார் எட்மண்ட். "இது சமுதாயத்தோட மெஷின்."

"மோட்டார் எங்க வீட்டுக்காரர் குடுத்தது அங்கிள்."

"பார்த்தீங்களா? அதுகூட உங்களுது இல்ல."

"அந்த அதிர்றதுக்கு இன்னா பண்றதுன்னு..."

"அதுக்குத்தான் சங்கம். எங்க ஃபேக்டரியில ஒரு ஃபிட்டர் கீறான், அவன கூட்டிகினு வரேன். ராஜமாணிக்கம் அண்ணன் கிடங்கு குடுக்கறாரு. ஆளுக்கொரு உளி செய்யறோம். ஒருத்தருக்கொருத்தர் கத்துக்குடுக்கறோம். உங்க பாப்பா கைப்பிடி இன்னா, ஒரே வாரத்துல ஆயிடும்."

வினோலியாவுக்கு அந்தப் பனிக்கொட்டகை கண்முன் வந்தது. தாடிக்குப் பதில் மீசை. பனிக்குப் பதில் ராபர்ட்சன்பேட்டைப் புழுதி. மற்றபடி எல்லாம் சரியாக இருந்தது. தலையாட்டினாள்.

கூட்ஸ் ஆட்டோவில் இயந்திரம் ஏறியபோது ஜெயகரன் மட்டும் கேட்டான். "எப்ப சார் திரும்பி வரும்?"

"பகிர்ந்து முடிச்சதும் பிரதர்" என்றார் எட்மண்ட்.

இவ்வாறாக "கோலார் தங்கவயல் கடைசல் கலை கற்றல் மற்றும் பகிர்தல் சங்கம்" பிறந்தது. எட்மண்ட் தலைவர். ஏசுபாதம் செயலாளர். இடம் கொடுத்ததால் ராஜமாணிக்கம் புரவலர். எலைன் ஊடகப் பொறுப்பாளர். வினோலியா உறுப்பினர். நிர்வாகிகள் மட்டுமே இருந்தால் அது சங்கம் ஆகாது என்று ஏசுபாதம் விளக்கினார். அந்தக் குறையை அவள் தீர்த்துவைத்தாள்.

பாதுகாப்பில்தான் சங்கம் முதலில் கவனம் செலுத்தியது. "மெஷின்னா மெஷின்தான். தரைக்கு மேல இருந்தா இன்னா, கீழ இருந்தா இன்னா?" என்று எட்மண்ட் கேட்டார். ஏசுபாதம் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஆகவே சுரங்கத்தில் கேஜுக்கு இருந்த விதிகள் அனைத்தும் தையல் மெஷின் அளவேயிருந்த அந்த இயந்திரத்துக்கு வழங்கப்பட்டன. மணி அடிக்காமல் மோட்டார் ஓடக்கூடாது. ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு மணி என்றால் ஓட்டு. கடைகிறவரே மணி அடிக்கக்கூடாது. மணியடிப்பவர் நிர்வாகியாக இருக்க வேண்டும். நிர்வாகிகளில் மணியடிப்பதைத் தம் தகுதிக்குக் குறைவாக நினைக்காதவர் யார் என்று தேடப்பட்டது. ஆகஸ்டு முழுவதும் தேடப்பட்டது.

ஷிஃப்டும் உண்டு. முதல் ஷிஃப்ட், இரண்டாம் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட். வினோலியாவுக்கு வார நாட்களில் முதல் ஷிஃப்ட் ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் அவள் மாலூருக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவே எங்காவது நின்றுகொண்டு பயணம் செய்வாள். அவளுக்கு எதிரே அதே பெட்டியில் ஏசுபாதம் உட்கார்ந்திருப்பார்.

"பிரதர், என் ஷிஃப்ட் நேரத்துல நான் இங்க இருக்கேன்."

"நானும் பார்த்துகினுதான் வரேன் சிஸ்டர். ரெகுலரா ஆப்சென்ட் ஆவறீங்க."

"மாத்திக் குடுக்க முடியாதா?"

"தீர்மானம் போடணும்."

"ஞாயித்துக்கெழமை நான் சும்மாதானே இருக்கேன்? அன்னிக்கி வந்து கடையறேனே."

ஏசுபாதம் அவளைக் கருணையோடு பார்த்தார். "ஞாயித்துக்கெழமை கூட்டம் நடக்குது. கூட்டம் நடக்கறப்ப மெஷின் ஓடினா யாரு பேசறது யாருக்குக் கேக்கும்?"

கற்றலும் பகிர்தலும் அந்தக் கூட்டங்களில் வெள்ளமாகப் பாய்ந்தன. "மரம்: ஓர் அறிமுகம்" என்ற தலைப்பில் ஏசுபாதம் ஆதியாகமத்தில் ஏதேன் தோட்டத்திலிருந்து தொடங்கினார். அன்று மாலைக்குள் நோவாவின் பேழைவரைதான் வர முடிந்தது. உப்புத்தாள் பற்றி ராஜமாணிக்கம் பேசினார். உலகில் எத்தனை வகை உப்புத்தாள் உண்டோ, அத்தனையும் தற்செயலாக அவர் கடையில் இருந்தன. தாமே செய்த கருவியைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லப்பட்ட நாளில், எட்மண்ட் ஓர் உளியைக் கொண்டுவந்தார். அதில் பாதி விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. மீதிப் பாதியைத் தாமே கிழித்ததாக அவர் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

எலைன் வினோலியாவை இயந்திரத்தின் முன் நிறுத்தி ஒரு வீடியோ எடுத்தாள்.

"ஸ்மைல் பண்ணுங்க அக்கா. உளிய அப்படியே கட்டை மேல வெச்சுக்கோங்க."

"சுவிட்ச் போடவா?"

"மெஷின் ஓட வேணாம் அக்கா. சவுண்டு நான் அப்பால போட்டுக்கறேன்."

அந்த வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள். ஓடாத இயந்திரத்தில், கடையப்படாத மரத்தின் முன், சிரித்துக்கொண்டே நிற்கும் வினோலியாவைப் பார்த்து எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஊக்கம் பெற்றார்கள். வீட்டில் கைப்பிடியில்லாத வண்டி சுவரோரம் நின்றது. ரோஜா நகர்ந்து வந்து அதன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, திரும்பிப் போவாள்.

செப்டம்பரில் துவக்கவிழா. தலைவர் முதல் மரத்தைக் கடைவார் என்று அறிவிக்கப்பட்டது. கடைவதற்கு வினோலியா ஏற்றிவைத்திருந்த அதே ஒன்றரை அடிக் கட்டை.

"அங்கிள், அது நடுவுல அதிரும். உங்க ஃபிட்டர கூட்டிகினு வரேன்னீங்களே..."

"அவன் லீவுல கீறான். நீ சும்மா இரும்மா, எங்கப்பா மைன்ஸ்ல ஃபோர்மேன்."

அன்றைக்கு மட்டும் ராஜமாணிக்கம் பெரியமனது செய்து இரண்டு மணி அடித்தார். மோட்டார் ஓடியது. எட்மண்ட் உளியை ஈட்டிபோலப் பிடித்துக் குத்தினார். கட்டை எகிறி, ஏசுபாதத்தின் தலைக்கு மேலாகப் பறந்து, டியூப்லைட்டை உடைத்து, சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே விழுந்தது. எல்லாரும் தரையில் படுத்திருந்தார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

இருட்டில் எட்மண்டின் குரல் மட்டும் கேட்டது. "ஏர் பிளாஸ்ட்!"

பூமிக்கடியில் பாறை வெடித்துச் சிதறி, மேலே ஊரே குலுங்குவதற்குத் தங்கவயலில் அதுதான் பெயர். சுவரில் மாட்டிய படம் எவ்வளவு கோணலாகிறது என்பதை வைத்து அதன் பலத்தைச் சொல்லிவிடும் ஞானம் இவ்வூர்க்காரர்களுக்கு உண்டு. ஏர் பிளாஸ்ட் நடந்த பிறகு சுரங்கத்தில் என்ன செய்வார்களோ அதைச் சங்கமும் செய்தது. முதலில் ஆட்களை வெளியேற்றியது. பிறகு கிடங்குக் கதவில் சங்கிலி போட்டு, பூட்டு போட்டு, சுரங்கத்தின் ஆழத்தளம் ஒன்றை மூடுவதுபோல "லெவல் சீல் செய்யப்பட்டது" என்று பலகை மாட்டியது. விசாரணைக் குழு அமைத்தது. விசாரிக்கப்பட வேண்டியவர் எட்மண்ட் என்பதால், சம்பவத்தைப் பற்றி நன்கு அறிந்தவர் என்ற முறையில் அவரே குழுவுக்குத் தலைவரானார்.

அக்டோபரில் வினோலியா அவர் வீட்டுக்குப் போனாள்.

"அங்கிள், மெஷினைத் திருப்பிக் குடுத்துடுங்க. பாப்பாவுக்கு டைம் ஆவுது."

"சீல் பண்ண லெவலைத் தொறக்கக்கூடாதும்மா. உள்ள விஷ கேஸ் இருக்கும்."

"அது லெவல் இல்ல அங்கிள். சிமெண்டு மூட்டை பக்கத்துல ஒரு டேபிள்."

"சேஃப்டியில விளையாடக்கூடாது. நாளைக்கு உன் பாப்பாவுக்கே ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆயிட்டு இருக்குது அங்கிள்" என்றாள் வினோலியா. எட்மண்ட் அதை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் விவாதிப்பதாக வாக்களித்தார்.

பூட்டை உடைத்துவிடலாம் என்றான் ஜெயகரன். "நம்ம மோட்டாரை நாம எடுக்கறதுக்கு இன்னா?" கடைத்தெருவில் அத்தனை பேர் பார்க்க, சபையில் வேதம் வாசிக்கிறவர் போட்ட பூட்டை உடைக்க வினோலியாவுக்குக் கை வரவில்லை. இன்னொரு இயந்திரம் செய்யலாமென்றால், தங்கவயல் மக்கள் திடீரென்று பொறுப்பானவர்களாகிவிட்டார்கள். பழுதுபார்த்த கிரைண்டர்களை ஒருவர்விடாமல் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் துடைப்பக் கட்டையில் துணி சுற்றிப் பார்த்தாள். துணி சுழன்றது, ரோஜாவின் கை நழுவி முகவாயில் அடிபட்டது. கத்தியால் ஒரு கட்டையைச் செதுக்கிப் பார்த்தாள். ரோஜா அதைத் தொட்டுவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவளை நிற்கவைத்தால் இடது குதிகால் தரையில் படவில்லை. ஜூனில் பட்டுக்கொண்டிருந்தது.

டிசம்பர் வந்தது. சங்கத்துக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் ஆண்டு முடிகிறது என்ற காரணத்தால் முதலாம் ஆண்டு விழா எடுக்கப்பட்டது. தங்கவயலின் நந்திதுர்க்கில் ஒரு கல்யாண மண்டபம். விழாவை முன்னிட்டு, தலைவருக்கு ஓர் அதிகாரச் சின்னம் வேண்டும் என்று தலைவர் கருதினார். மரப்பொம்மைக்குப் பேர்போன கர்நாடகச் சென்னபட்டணத்துக்கு ஆள் அனுப்பி, மரத்தில் கடைந்து அரக்கு பூசிய ஒரு செங்கோல் வரவழைக்கப்பட்டது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மின்னியது. தலைப்பக்கம் முஷ்டி அளவில் தொடங்கி, குமிழ்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போய், வாலில் சுண்டுவிரல் அளவில் முடிந்தன. கடைசல் சங்கத்தின் செங்கோலைக் கடையில் வாங்கலாமா என்று விழாவுக்கு வந்த யாரோ கேட்டதற்கு, "நம்ம மெஷின் சீல்ல கீதே, தெரியாதா?" என்று ராஜமாணிக்கம் திருப்பிக் கேட்டார். கேள்வி கேட்டவர் வெட்கப்பட்டு உட்கார்ந்தார்.

"முன்னோடி உறுப்பினர்" என்று வினோலியாவுக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். ரோஜா அவள் இடுப்பில் இருந்தாள். பக்கத்தில் எட்மண்ட் செங்கோலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் பாதுகாப்பு பற்றிப் பேசினார். இந்த ஆண்டு சங்கத்தில் ஒரு விரல்கூட வெட்டுப்படவில்லை என்றார். அது உண்மை. ஒரு மரமும் வெட்டுப்படவில்லை.

அப்போது ரோஜா கையை நீட்டினாள். இடது கையை. அந்தக் கை தானாக எதையும் தேடிப் போனதில்லை. அது மெதுவாகப் போய், செங்கோலின் மூன்றாவது குமிழைத் தொட்டது. ஒவ்வொரு விரலாக மடங்கி, அதைச் சுற்றி மூடியது.

மண்டபத்தில் இருந்த மற்ற எதுவும் வினோலியாவுக்குத் தெரியவில்லை. அந்த விரல்களை மட்டும் பார்த்தாள்.

எட்மண்ட் பேசிக்கொண்டே இழுத்தார். வரவில்லை. "பாப்பா, குடும்மா" என்றார். ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. "இது அங்கிளுது. நல்ல பாப்பா இல்ல? குடு... ஏய், குடு!" கூட்டம் கைதட்டியது.

வினோலியா ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்து, மரியாதையாகச் சொன்னாள். "அங்கிள், கொஞ்சம் பகிர்ந்துக்கறோம்."

அத்தனை பேர் முன்னால் பகிர்தல் சங்கத்தின் தலைவர் வேறென்ன செய்ய முடியும்? பிடியைத் தளர்த்தினார். அவள் பொன்னாடை நழுவுவதைக்கூடப் பார்க்காமல், இடுப்பில் குழந்தையும் குழந்தையின் கையில் செங்கோலுமாகப் படியிறங்கி, நேராக ஆட்டோவில் ஏறினாள்.

அன்று மாலையே ஜெயகரன் வாலை அறுத்து, அளவு பார்த்து, இரண்டு பக்கமும் போல்ட் போட்டு, செங்கோலை வண்டியில் மாட்டினான். வண்டியில் செங்கல் அடுக்கினான். ரோஜா எழுந்து நின்றாள், விழுந்தாள், வண்டியைத் திட்டினாள். மறுபடி பிடித்தாள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குச் சபையார் போயிருந்த நேரத்தில், அவள் வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய்வரை தள்ளிக்கொண்டு போனாள். இடது குதிகால் தரையைத் தொடுவதும் மறுப்பதுமாக இருந்தது. பிறகு தொட்டது.

கோலாரில் டாக்டரம்மா குனிந்து காலை அழுத்திப் பார்த்தார். மாவுக்கட்டு வேண்டாம் என்றார். பிறகு கைப்பிடியைத் தடவி, "ரொம்ப நல்லா கடைஞ்சிருக்காங்களே, யாரு?" என்று கேட்டார்.

"தெரியாது மேடம்" என்றாள் வினோலியா. "சங்கத்துலேருந்து வந்தது."

புத்தாண்டு பிறந்ததும் சங்கம் அவசரக் கூட்டம் கூடியது. செங்கோலை மீட்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இயந்திரத்தைத் தொடவே மணியும் ஷிஃப்டும் விசாரணையும் தேவைப்பட்ட அதே சங்கம், செங்கோலை மீட்க அன்று மாலையே கிளம்பிவிட்டது என்பது அதன் செயல்வேகத்துக்குச் சான்று. இரண்டு ஸ்கூட்டரில் நான்கு நிர்வாகிகளும் சாம்பியன் ரீஃபுக்கு வந்தார்கள்.

தெருவில் ரோஜா வண்டி தள்ளிக்கொண்டிருந்தாள். பின்னால் வினோலியா. எட்மண்ட் இறங்கியதும் அறுபட்ட முனையைத்தான் பார்த்தார்.

"வெட்டிட்டீங்களா?"

"வால் மட்டும் அங்கிள்."

"அத்த எடுத்து வெச்சிருக்கேன் சார்" என்று முன்னறையிலிருந்து ஜெயகரன் சொன்னான். "வேணும்னா அத்த வெச்சு ஒரு சின்ன சங்கம் நடத்துங்க."

"தீர்மானம் நம்பர்..." என்று ஏசுபாதம் தொடங்கினார்.

"ஆச்சு விடுங்க, கொழந்தை நடக்குது" என்றார் ராஜமாணிக்கம். சொல்லிவிட்டு, தலைவரின் முகத்தைப் பார்த்து, "ஆனா சங்கத்து சொத்துன்னு ஒண்ணு கீது" என்று சேர்த்துக்கொண்டார்.

"எடுத்துக்கோங்க" என்றாள் வினோலியா. "ரெண்டு போல்ட்டுதான். ஆனா நான் கழட்ட மாட்டேன். அவ கையிலேருந்து நீங்களே எடுத்துக்கோங்க."

நால்வரும் போல்ட்டைப் பார்த்தார்கள். ரோஜா நின்று, நான்கு பேரையும் அண்ணாந்து பார்த்தாள். வழிவிடுவார்கள் என்று காத்திருந்தாள்.

அந்த இக்கட்டிலிருந்து சங்கத்தை எலைன்தான் காப்பாற்றினாள். "சார்! இது செம கண்டென்ட் சார். நம்ம செங்கோலைப் புடிச்சுகினு பாப்பா நடக்கறா. அப்படின்னா இன்னா? சங்கம் ஒரு கொழந்தைய நடக்க வெச்சிருக்குது!"

எட்மண்டின் முகத்தில் கோபம் இறங்கி, அதே இடத்தில் கருணை ஏறியது. "அதத்தான் நானும் சொல்லலாம்னு வந்தேன்" என்றார்.

எலைன் கைபேசியை ஸ்கூட்டர் மேல் சாய்த்துவைத்து நேரம் குறித்துவிட்டு ஓடிவந்தாள். நால்வரும் வண்டியைச் சூழ்ந்தார்கள். பகிர்தல் என்றால் எல்லாருடைய கையும் தெரிய வேண்டும் என்றார் எட்மண்ட். நான்கு பேர், எட்டுக் கைகள். ஒன்றரை அடிக் கோலுக்குள் அவை நெருக்கியடித்துக்கொண்டு இடம்பிடித்தன. மூன்றாவது குமிழ் பிடிக்க வாகாக இருந்ததால் அங்கே தலைவரின் கை.

இப்போது அந்தப் படம்தான் சங்க ஆண்டுமலரின் அட்டை. "ஒரு குழந்தையை நடக்கவைத்த கைகள்" என்று தலைப்பு. மிக நல்ல படம். தலைவரின் மோதிரம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. பிடிக்க இடம் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்ட குழந்தை மட்டும் அதில் விழவில்லை.